நெகட்டிவ் தாளில் விடுபட்ட ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் வந்த வாசகர் கடிதம் ஒன்றுக்குப் பதில் எழுத உட்கார்ந்து, மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. நீளமாகத்தான் வரும்; வெட்டுவதானால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், வேலை பற்றிய பகுதியை விட்டுவிடுங்கள்.

2021 மே மாதம் அப்பாவைப் பறிகொடுத்த மகன் எழுதிய கடிதம் அது. மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள், மூன்றாம் நாள் 'நெகட்டிவ்' என்று செல்போனுக்குச் செய்தி வந்தது, வீட்டில் எல்லோரும் சாமிக்கு விளக்கேற்றினார்கள். ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஏழாம் நாள் அப்பா இல்லை. உடலைக் கொரோனா விதிப்படி பொதிந்து கொடுத்தவர்கள், காரணம் என்ற இடத்தில் நிமோனியா என்று மட்டும் எழுதினார்கள். பிறகு 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு மனு போட்டபோது, பாசிட்டிவ் ரிப்போர்ட் இல்லையே என்று திருப்பிவிட்டார்கள். "அந்தச் சோதனையே ஏமாற்று வேலை" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

கடிதம் எழுதிய ஐயா, அந்தச் சோதனையைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி. தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் ஆய்வக நுட்புநராக இருந்து 2023-ல் ஓய்வு பெற்றேன். உங்கள் அப்பாவின் மாதிரி எங்கள் மேசைக்கு வந்ததல்ல, உங்கள் ஊர் வேறு. ஆனாலும் உங்கள் கோபத்தைப் படித்தபோது எனக்குத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றே தோன்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்திரம் பொய் சொல்லவில்லை, நாங்களும் தூங்கிக்கொண்டு எழுதவில்லை. ஆனால் உங்கள் கைக்கு வந்த தாள் பாதிதான் பேசியது. மீதிப் பாதியை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று வெளியே யாருக்கும் தெரியாது. ரத்தச் சர்க்கரை பார்ப்பது மாதிரி ஒரு சொட்டு விட்டால் எண் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மூக்கு வழியாகத் தொண்டையின் பின்சுவர் வரை குச்சியை விட்டு, சில நொடி சுழற்றி எடுக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வரும், இருமல் வரும். அந்தக் குச்சியின் நுனியை உடைத்து, ரோஜா நிறத் திரவம் இருக்கும் சின்னக் குழாயில் போட்டு மூடுவார்கள். வி.டி.எம். என்போம். ஒரு பைக்குள் இன்னொரு பை, அதற்கு வெளியே டப்பா என்று மூன்று அடுக்கில் கட்டி, ஐஸ் பெட்டியில் எங்களிடம் அனுப்புவார்கள். மொத்தத்தில் நாங்கள் தேடுவது அந்தக் குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்ததை மட்டும்தான். நோயாளியின் நுரையீரல் எங்கள் மேசைக்கு வருவதில்லை.

அப்புறம் எங்கள் பங்கு. கண்ணாடித் தடுப்புப் போட்ட பாதுகாப்புப் பெட்டிக்குள் கையை மட்டும் நீட்டிக் குழாயைத் திறந்து, வைரஸின் உறையைக் கரைத்து உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும். தானியங்கிக் கருவி வருவதற்கு முன்பு எல்லாமே கைவேலை: ஊற்று, சென்ட்ரிஃபியூஜில் சுற்று, வடித்ததைக் கொட்டு, மறுபடி ஊற்று. கட்டைவிரல் மரத்துப்போகும். பி.பி.இ. கிட்டைப் போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீரும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, எந்திரத்தில் சூடும் குளிருமாகச் சுற்ற விடுவோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். முப்பதாவது சுற்றில் ஒரு துணுக்கு நூறு கோடியைத் தாண்டிவிடும். அப்படிப் பெருகும்போது ஒளிரும். திரையில் கோடு படுத்துக் கிடந்து திடீரென்று எழும். எத்தனையாவது சுற்றில் எழுந்ததோ அதுதான் நீங்கள் கேள்விப்பட்ட சி.டி. மதிப்பு. சீக்கிரம் எழுந்தால் வைரஸ் அதிகம், தாமதமாக எழுந்தால் குறைவு. 35-க்குள் எழுந்தால் பாசிட்டிவ் என்று கொள்ளலாம் என்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர்.

ஒரு பிளேட்டில் 96 குழி. இரண்டு குழி கன்ட்ரோலுக்கு, அதாவது சோதனை சரியாக நடந்ததா என்று பார்க்க. ஒன்றில் வைரஸ் துணுக்கு இருப்பது உறுதி, மற்றதில் எதுவுமே கிடையாது. மிச்சம் 94 பேர். எதுவும் இல்லாத குழியில் கோடு எழுந்தால் எங்கோ தெறித்திருக்கிறது என்று அர்த்தம். 94 பேரின் வேலையும் குப்பைக்கு, மறுபடி முதலிலிருந்து. விடிகாலை மூன்று மணிக்கு அப்படி ஒரு பிளேட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, கூட வேலை பார்த்த ஒப்பந்தப் பெண் சுவரில் சாய்ந்து அழுதாள். 24 வயது. பாசிட்டிவ் என்றோ நெகட்டிவ் என்றோ ஒரு சொல்லை எழுதிவிட நினைத்திருந்தால் அவள் ஏன் அழ வேண்டும்?

இவ்வளவு செய்தும் உங்கள் அப்பாவுக்கு நெகட்டிவ் வந்திருக்கிறது. எப்படி?

என் கதையையே சொல்கிறேன். 2020 ஆகஸ்டில் ஒரு நாள் காலை மேசையை ஹைப்போ என்கிற கிருமிநாசினி ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். ஹைப்போ மூக்கைப் பிய்க்கும் நெடி. அன்று வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டு முகக்கவசத்தையும் கழற்றி முகர்ந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. உடனே எங்கள் லேப் பிள்ளைகளில் ஒருவன் எனக்கு மாதிரி எடுத்தான். "அக்கா, வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே பாதியிலேயே குச்சியை உருவிவிட்டான். மூத்தவள் மேல் மரியாதை! மாலையில் என் பிளேட்டை நானே பார்த்தேன். நெகட்டிவ். உள் கன்ட்ரோல் கோடுகூடத் தள்ளாடித்தான் எழுந்திருந்தது. மாதிரியில் மனிதச் செல் இருக்கிறதா என்று காட்டுகிற கோடு அது. குச்சி போதுமான அளவு தொடவில்லை. நான் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் வேறொரு சகோதரியிடம் இரக்கமில்லாமல் எடுக்கச் சொன்னேன். சி.டி. 19. அதாவது தொண்டை நிறைய வைரஸ். முந்தின நாள் தாளை நம்பி வீட்டுக்குப் போயிருந்தால் 81 வயது மாமியாருக்கு நான்தான் காப்பி கலந்து கொடுத்திருப்பேன்.

எனக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்திருந்தது, உங்களுக்குத் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

குச்சி சரியாகப் போனாலும் நாள் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-லேயே கணக்குச் சொன்னார்கள். தொற்றிய முதல் நாளே சோதித்தால் அத்தனை பேருக்கும் நெகட்டிவ்தான் வரும். காய்ச்சல், இருமல் தொடங்கும் அன்று சோதித்தால் நோய் இருப்பவர்கள் 100 பேரில் 38 பேரை சோதனை தவறவிடும். அதிலிருந்து மூன்றாம் நாள் 20 பேரைத் தவறவிடும். அதுதான் இருப்பதில் நல்ல நாள். அதற்குப் பிறகு தவறு மறுபடி ஏறும், ஏனென்றால் வைரஸ் தொண்டையிலிருந்து குறையும். நுரையீரலில் வேலையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே குச்சியில் ஒன்றும் வராமல் போகலாம். எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுத்தால்தான் தெரியும். (இந்த ஸ்கேன் சி.டி.யும் எங்கள் சி.டி. மதிப்பும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'சி.டி. 22, நுரையீரலில் 22 சதவீதமா?' என்று போனில் கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை.)

ஆக, எந்த நாளில் எடுத்த மாதிரி என்பது தெரியாமல் நெகட்டிவ் என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. மாதிரியோடு வரும் படிவத்தில் அறிகுறி தொடங்கிய தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு வந்தவற்றில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலி, அல்லது மாதிரி எடுத்த தேதியே அதிலும் இருக்கும். முகாமில் வெயிலில் நின்று ஒரு நாளைக்கு 300 பேருக்கு எழுதுகிறவர் என்ன செய்வார்? பெயர், வயது, செல்போன் எண் சரியாக இருந்தாலே நாங்கள் கும்பிட்டோம். ஒரே பெட்டியில் நாலு முருகேசன், மூன்று பாண்டியம்மாள். தகப்பன் பெயரும் வயதும் ஒத்துப்போகிற இரண்டு பேரின் குழாய்கள் ஒரு முறை மாறிப்போய், சாயந்திரம் வரை போன் போட்டு அலைந்து சரி செய்தோம். சரி செய்தது எங்கள் கெட்டிக்காரத்தனமில்லை. அவர்களில் ஒருவர் "நான் மாதிரி கொடுத்தது செவ்வாய்க்கிழமை ஆச்சே" என்று சொன்னதுதான்.

அறிகுறி தொடங்கிய தேதி ரிப்போர்ட்டில் ஏறுவதே இல்லை. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். நடுவில் 'நாட் டிடெக்டட்' என்று ஒரு வரி. எங்கள் பொருளில் அதற்கு 'இந்தக் குச்சியில் தென்படவில்லை' என்றுதான் அர்த்தம். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது 'நோய் இல்லை' ஆகிவிடுகிறது. கீழே பொடி எழுத்தில் மருத்துவரின் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி உண்டு. எங்கள் வாசலில் ஒரு பெரியவர் ரிப்போர்ட்டை வாங்கி, பேருந்து நடத்துநரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னதை நானே பார்த்தேன். நடத்துநர் மேலேயிருந்து கீழே ஒரு நோட்டம் விட்டு, "ஒண்ணுமில்ல தாத்தா, ஏறுங்க" என்றார். நடத்துநர் மேல் என்ன குற்றம்?

சோதனையில் எல்லாமே சரியாக நடந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்த ரேபிட் கிட்டுகளை நினைத்துப் பாருங்கள். விரலில் ரத்தம் குத்திப் பார்ப்பது. பார்ப்பது வைரஸை அல்ல, உடல் அதற்கு எதிராகச் செய்த எதிர்ப்புப் பொருளை. பல மாநிலங்களில் முன்னுக்குப் பின் முரணாக முடிவு வந்து, ஏப்ரல் 27-ல் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐ.சி.எம்.ஆரே சொல்லிவிட்டது. இங்கே வந்திருந்த 24,000 கிட்டுகளையும் திருப்பி அனுப்புவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதற்குப் பிறகு வேறு சில மாநிலங்கள் சீக்கிரம் முடிவு தந்தாலும் அதிகம் தவறவிடும் ஆன்டிஜன் சோதனையால் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியபோதும், நம் மாநிலம் நான் மேலே சொன்ன எந்திரச் சோதனையான ஆர்.டி.பி.சி.ஆரையே பிடித்துக்கொண்டு நின்றது. இதை நான் இன்றும் பெருமையாகத்தான் சொல்வேன். தொடக்கத்தில் கிண்டி கிங் நிலையம், தேனி என்று விரல் விட்டு எண்ணும்படி இருந்த லேபுகள் மாவட்டம்தோறும் வந்தன. எங்கள் துறையில் ஸ்டோர் ரூமாகக் கிடந்த அறைதான் மூன்று வாரத்தில் வைராலஜி லேப் ஆனது. உடைந்த நாற்காலிகளை நாங்களே தூக்கி வெளியே வைத்தோம்.

ஆனால் உங்கள் அப்பா இறந்த அந்த மே மாதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குப் பாசிட்டிவ். அதற்கு எத்தனை மடங்கு மாதிரி வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் குளிர்பெட்டியில் இடமில்லாமல் ஐஸ் பெட்டிகளைத் தாழ்வாரத்தில் அடுக்கினோம். காலையில் வந்தது மறுநாள் இரவு எந்திரத்தில் ஏறும். உங்களுக்கு முடிவு மூன்றாம் நாள் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சில இடங்களில் ஐந்து நாள்கூட ஆனது. அந்த வரிசையில் மூச்சுத்திணறலோடு வந்தவரின் குழாயும் இருந்தது, ஊருக்குப் போக, வேலைக்குத் திரும்ப, டிஸ்சார்ஜ் ஆக என்று தாளுக்காக மட்டும் வந்த குழாயும் இருந்தது. எந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். மே 4-ல் ஐ.சி.எம்.ஆர். ஒரு அறிவுரை அனுப்பியது: ஒரு முறை பாசிட்டிவ் வந்தவருக்கு மறுபடி வேண்டாம், குணமாகி வீட்டுக்குப் போகிறவருக்கு வேண்டாம், நோயில்லாமல் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவரிடம் கேட்க வேண்டாம். லேபுகளின் சுமையைக் குறைக்கத்தான். அது ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தால் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் வந்த முடிவு முதல் நாள் தொண்டையைத்தான் பேசுகிறது. அந்த இரண்டு நாளில் உள்ளே என்னவெல்லாமோ நடந்திருக்கும். செல்போனில் வந்த செய்தியில் மாதிரி எடுத்த தேதியைப் பெரிதாகப் போட்டு, 'காய்ச்சல் விடவில்லை என்றால் இதை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்' என்று ஒரு வரி தமிழில் இருந்திருந்தால், நீங்கள் ஐந்தாம் நாள் வரை காத்திருந்திருப்பீர்களா? காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த மாதத்தில் படுக்கை கிடைத்ததா, ஆக்சிஜன் கிடைத்ததா என்பது வேறு கதை. ஆனால் விளக்கேற்றியிருக்க மாட்டீர்கள்.

இதெல்லாம் முடிந்துபோன கதை, இப்போது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு சிறுமிக்குக் காய்ச்சல். இரண்டாம் நாளே தனியார் லேபில் டெங்கு பார்த்தார்கள். ஐ.ஜி.எம். நெகட்டிவ். "டெங்கு இல்லையாம்" என்று பள்ளிக்கு அனுப்பத் தயாரானார்கள். தாளை வாங்கிப் பார்த்தேன். ஐ.ஜி.எம். என்பது உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள். காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளாவது ஆனால்தான் நம்பிப் பார்க்க முடியும். முதல் ஐந்து நாளில் பார்க்க வேண்டியது வைரஸின் புரதமான என்.எஸ்.1. அதை எடுக்கவே இல்லை. மறுபடி எடுக்கச் சொன்னேன், பாசிட்டிவ். தட்டணுக்கள் குறைவதற்குள் அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள், பிள்ளை நன்றாக இருக்கிறாள். அந்தத் தெருவில் ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன் ஒருத்தி குடியிருப்பது தற்செயல். எல்லாத் தெருவிலும் நான் இருக்க முடியுமா?

அதனால் சுகாதாரத் துறைக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரே ஒரு கோரிக்கை. புது எந்திரம் கேட்கவில்லை, கட்டடம் கேட்கவில்லை. வைரஸ் சோதனை எதுவானாலும், அரசு லேபானாலும் தனியார் லேபானாலும், ரிப்போர்ட்டில் முடிவுக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், தமிழில் இப்படி அச்சடியுங்கள்:

"காய்ச்சல் தொடங்கிய தேதி: ____. மாதிரி எடுத்த தேதி: ____. இந்த மாதிரியில் வைரஸ் தென்படவில்லை. நோய் இல்லை என்பதற்கு இது உறுதி அல்ல. காய்ச்சல் தொடர்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, இந்தத் தாளோடு உடனே மருத்துவரிடம் வரவும்."

முதல் காலியிடத்தை நிரப்பாமல் ரிப்போர்ட் அச்சாகாதபடி கணினியில் வைத்துவிட்டால், படிவத்தில் அந்தக் கட்டத்தைத் தானாகவே நிரப்புவார்கள். செல்போன் எண் இல்லாமல் பதிவு ஏறாது என்று வைத்தபோது எல்லோரும் எண்ணைக் கேட்டு எழுதினார்களே, அது மாதிரி. இந்த யோசனையை நான் பணியில் இருந்தபோதே எழுதிக் கொடுத்தேன். "ரிப்போர்ட் ஃபார்மட் மேலிருந்து வருகிறது" என்றார்கள். சரி, மேலே இருப்பவர்கள் பத்திரிகை படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் இங்கே எழுதுகிறேன்.

இனி, கடிதம் எழுதிய தம்பிக்கு. உங்களைத் தம்பி என்று கூப்பிடுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நிவாரணம் பற்றி உங்களிடம் சொன்னது அரைகுறை. பாசிட்டிவ் ரிப்போர்ட் இருந்தால்தான் கொரோனா இறப்பு என்று விதி சொல்லவில்லை. 2021-ல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலிலேயே, மருத்துவமனையில் மற்ற பரிசோதனைகளை வைத்து மருத்துவர்கள் கொரோனா என்று கண்டறிந்ததும் சேர்த்தி. இறப்புச் சான்றில் கொரோனா என்று எழுதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் அந்த அக்டோபரில் சொன்னது. மறுத்தால் முறையிட மாவட்ட அளவில் குழு அமைக்கச் சொன்னார்கள். மனு போடுவதற்கான கெடு தாண்டிவிட்டாலும், மிகவும் கஷ்டப்படுகிறவர்கள் அந்தக் குழுவிடம் போகலாம் என்று 2022 மார்ச் உத்தரவில் இருக்கிறது. நீங்கள் முன்பே மனு போட்டுத் திருப்பப்பட்டவர், அந்த மனுவின் நகலும் திருப்பிய கடிதமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அப்பா சேர்ந்திருந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் கேஸ் ஷீட் நகல் கேளுங்கள்; எந்த வார்டில் வைத்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தப் படத்தைத் தேடி எடுங்கள். உடலைக் கொரோனா விதிப்படி ஒப்படைத்ததற்கும் எங்காவது ஒரு கையெழுத்து இருக்கும். இத்தனையையும் வைத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள்.

நெகட்டிவ் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். அப்பாவுக்கு எந்தத் தேதியில் காய்ச்சல் தொடங்கியது என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு, அதன் மேல் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் பணியில் இருப்பதால், பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்